திருட்டுப் பழியும் வெற்றுத்தாள் கையெழுத்தும்

(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1985 ஜூன் மாதத்தில், கோலார் தங்கவயலில், பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டைக் காவல்துறை சோதனையிட்டது. 4.5 கிராம் எடையுள்ள ஒரு தங்க உருண்டையும், தங்கத் துகள் கலந்த 1,276 கிராம் மணலும் அங்கே கிடைத்ததாகக் கூறியது. அவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். ஒருபுறம் குற்றவழக்கு, மறுபுறம் அதே குற்றச்சாட்டின் மீது நிர்வாகத்தின் உள்விசாரணை. இடைநீக்கக் காலத்துக்குரிய பிழைப்பூதியம் வழங்கப்படவில்லை. கையில் காசின்றிக் கேரளத்திலுள்ள சொந்த ஊருக்குச் சென்றுவிட்ட அவரால் கோலாருக்கு வந்து விசாரணையில் கலந்துகொள்ள இயலவில்லை. அவர் இல்லாமலேயே விசாரணை முடிக்கப்பட்டு, 1986இல் வேலைநீக்க ஆணை பிறந்தது. 1987இல் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆயினும் நிர்வாகம் கதவைத் திறக்கவில்லை. 1999 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையையும் நிலுவைச் சம்பளத்தையும் மீட்டுக் கொடுத்தது.

பதினான்கு ஆண்டுகள். பதினான்கு ஆண்டுகள் வழக்கை நடத்தும் வலிமை ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு உண்டா? நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் பெண்ணுக்கு உண்டா? திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட தொழிலாளிக்குச் சட்டம் பல வழிகளைத் தருகிறது. அவற்றில் பெரும்பாலானவை பழி விழுந்த முதல் சில மணி நேரத்திலேயே, ஒரு தாளில் வாங்கப்படும் கையெழுத்தால் அடைக்கப்பட்டுவிடுகின்றன. கட்சித் தோழரும் சங்க ஊழியரும் இதனைத் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் தராசு

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 381ஆவது பிரிவு, எழுத்தரோ பணியாளரோ தம் எசமானரின் பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை சிறை என்று விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் 306ஆவது பிரிவாக, அதே ஏழாண்டுத் தண்டனையுடன் நீடிக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளையோ பணத்தையோ கையாடியதாகச் சொன்னால் 316(4) பிரிவு. அதற்கும் ஏழாண்டு வரை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடித் திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கும் புதிய சலுகை, சாதாரணத் திருட்டுக்கான 303ஆவது பிரிவில் இருக்கிறது. பணியாளருக்கான 306ஆவது பிரிவில் அது இல்லை.

தராசின் மறுதட்டையும் பாருங்கள். தொழிலாளிக்குச் சேர வேண்டிய கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு முதல் முறை விதிப்பது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. ஐந்தாண்டுக்குள் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால்தான் மூன்று மாதச் சிறை என்ற பேச்சே எழுகிறது. தொழிலாளி எடுத்தால் திருட்டு. முதலாளி எடுத்தால் நிலுவை. இந்தச் சட்டத்தின் வர்க்கத் தன்மையை விளக்க இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. ஆயினும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே, போராட்டங்களாலும் வழக்குகளாலும் வென்றெடுக்கப்பட்ட பாதுகாப்புகளும் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தக் கற்பது கட்சி ஊழியரின் கடமை.

முதலாளியின் அறையில்

பழி எப்போதும் ஓர் அறையில் தொடங்குகிறது. மேலாளரின் அறை, காவலாளியின் கூண்டு, அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை. கதவு சாத்தப்படுகிறது. கைப்பேசி பறிக்கப்படுகிறது. "ஒப்புக்கொண்டு எழுதிக் கொடு, போலீசுக்குப் போகமாட்டோம்" என்று நயமாகவோ, "எழுதாவிட்டால் உள்ளே தள்ளிவிடுவோம்" என்று மிரட்டலாகவோ சொல்லப்படுகிறது. பின்னர் ஒரு தாள் நீட்டப்படுகிறது. சில வேளை அது ஒப்புதல் கடிதம். சில வேளை சுயவிருப்ப ராஜினாமா. சில வேளை வெறும் வெற்றுத்தாள்.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? முதலாளிக்கோ அவருடைய காவலாளிக்கோ ஒருவரை அடைத்து வைக்கும் அதிகாரம் கிடையாது. அவ்வாறு அடைத்து வைப்பது 127ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். ஒப்புதல் வாங்குவதற்காக அடிப்பது 120ஆவது பிரிவின்கீழ் ஏழாண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றம். அடித்தவர் காவலராக இருந்தாலும் முதலாளியாக இருந்தாலும் அது பொருந்தும். அதிகார நிலையில் இருப்பவர் அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதல் குற்றவழக்கில் செல்லாது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 22ஆவது பிரிவு கூறுகிறது.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உள்விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் விதிகள் அப்படியே பின்பற்றப்படுவதில்லை. நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளக்கூடிய அதே கடிதத்தை, நிர்வாகம் உள்விசாரணையில் முதல் ஆவணமாக வைத்து வேலைநீக்கம் செய்துவிடும். ராஜினாமாக் கடிதமாக இருந்தாலோ, வேலைநீக்கமே நடக்கவில்லை, அவரே விலகிக்கொண்டார் என்று வாதிடும்.

ஆகவே முதல் விதி: எதிலும் கையெழுத்திடக் கூடாது. "சங்கத்தையும் வழக்கறிஞரையும் கலந்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றைக்கே மறுப்புக் கடிதம் எழுத வேண்டும். எந்த அறையில், எத்தனை மணிக்கு, யார் யார் இருக்க, என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை அதில் குறிக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் காவல்துறைக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உடலில் காயமிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அன்றே எழுதப்பட்ட மறுப்புக்கு விசாரணையில் எடை உண்டு. மூன்று மாதம் கழித்து எழுதினால், யோசித்துக் கட்டிய கதை என்பார்கள்.

காவல் நிலையத்தில்

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், புகார் வந்தது என்பதற்காகவே கைது செய்யலாகாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியது. பணியாளர் திருட்டுக்கு உச்சபட்சத் தண்டனை ஏழாண்டு. எனவே இந்தத் தீர்ப்பு இதற்கு நேரடியாகப் பொருந்தும். கைது தேவையில்லையெனில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ் நேரில் வருமாறு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அதன்படி வந்து ஒத்துழைப்பவரைக் கைது செய்வதானால், அதற்கான காரணத்தைக் காவல்துறை எழுத்தில் பதிய வேண்டும். கைது நேரும் என்ற அச்சம் இருந்தால் 482ஆவது பிரிவின்கீழ் அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கோரலாம்.

கைது நிகழ்ந்துவிட்டால் நினைவில் இருக்க வேண்டியவை பின்வருமாறு. கைதுக் குறிப்பாணை எழுதப்பட்டுக் குடும்பத்தாரோ பகுதியைச் சேர்ந்த ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு முதல் இன்றைய சட்டப் பிரிவுகள் வரை இவற்றை உறுதி செய்கின்றன. பெண்ணை, மிக விதிவிலக்கான நிலையில் நடுவரின் முன்அனுமதியுடன் பெண் காவலர் மூலமாக அன்றி, சூரியன் மறைந்தபின் உதிக்கும் வரை கைது செய்யலாகாது. பெண்ணின் உடலைச் சோதிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். வீட்டைச் சோதனையிடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை மெய்ப்பிக்கப் பயன்படுத்த முடியாது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(3) பிரிவு. உண்மை அறியும் கருவிச் சோதனைகளையும் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கைதுக்கான காரணங்களை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர்க்கு இது சிறிய செய்தியன்று. தில்லி ஜங்புராவின் மதராசி முகாமிலிருந்து அண்டைக் குடியிருப்புகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்றுவந்த தமிழ்ப் பெண்கள் பலர். 2025 ஜூனில் அந்த முகாம் இடிக்கப்பட்டது, அவர்கள் சிதறினார்கள். இந்தியில் எழுதிய தாளை நீட்டும் காவல் நிலையத்தில் அத்தகைய ஒரு பெண், தமிழில் தா என்று கேட்கும் உரிமை உடையவர். தமிழ்நாட்டில் வேலை செய்யும் ஒடியா, வங்காளித் தொழிலாளிக்கும் அதே உரிமை உண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது தடையாக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணை ஒவ்வொரு கிளையும் குறித்து வைத்திருக்க வேண்டும். கைதாகி அறுபது நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. அந்த நாளைக் கணக்கிட்டு மனுப்போட ஓர் ஆள் வெளியே இருக்க வேண்டும்.

உள்விசாரணையில்

"குற்றவழக்கு நடக்கிறதே, அதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று உள்விசாரணையைப் புறக்கணிப்பது தொழிலாளர் செய்யும் பெருந்தவறு. குற்றவழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். உள்விசாரணையில் நடந்திருக்கக்கூடும் என்ற அளவே போதும். ஆகவே விடுதலைத் தீர்ப்பு தானாகவே வேலையைத் திருப்பித் தந்துவிடாது. கோலார் வழக்கில் அது உதவியதற்குக் காரணம், இரண்டு நடவடிக்கைகளும் அதே சோதனையையும் அதே சாட்சிகளையும் நம்பி நின்றதுதான். குற்றச்சாட்டு கடுமையானதாகவும் சிக்கலானதாகவும் இருந்து, இரண்டும் ஒரே சாட்சியங்களைச் சார்ந்திருந்தால், குற்றவழக்கு முடியும்வரை உள்விசாரணையை நிறுத்திவைக்கக் கோரலாம் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். இடைநீக்கத்தின்போது பிழைப்பூதியத்தை மறுத்து, விசாரணைக்கு வரவே முடியாதபடி செய்வது நியாயமான விசாரணை ஆகாது என்பது அதன் மற்றொரு பாடம். முதல் தொண்ணூறு நாளுக்கு ஊதியத்தில் பாதி, அதன்பின் தாமதம் தொழிலாளியால் நேராத வரை முக்கால் பங்கு. இதனை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் நாள், நேரம், பொருள், மதிப்பு தெளிவாக உள்ளனவா? நிர்வாகம் நம்பும் ஆவணங்களின் நகல், கண்காணிப்புக் கேமராப் பதிவு, சரக்கிருப்புப் பதிவேடு கேட்கப்பட்டதா? உடன் வாதாடச் சக தொழிலாளிக்கு அனுமதி கேட்கப்பட்டதா? சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார்களா? கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். அதனைப் பாதுகாக்கும்படி முதல் கடிதத்திலேயே கேட்க வேண்டும். ஒரு தொழிற்தகராறு நிலுவையில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்தால், அது தகராறோடு தொடர்பில்லாத குற்றச்சாட்டாயினும், நிர்வாகம் தகராறை விசாரிக்கும் அதிகாரியிடம் ஒப்புதல் கோர வேண்டும். சங்கம் கோரிக்கை வைத்த அடுத்த மாதமே சங்கச் செயலாளரின் பையில் உதிரிபாகம் "கண்டெடுக்கப்படும்" ஆலைகளில் இந்தப் பாதுகாப்பு உயிர்நாடி.

வேலைநீக்கத்துக்குப் பின் சமரச அதிகாரியிடம் மனு. நாற்பத்தைந்து நாளில் தீராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயம். சாட்சியத்தை மறுபடி எடைபோடவும் தண்டனையைக் குறைக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தில் மூன்றாண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை இரண்டாண்டாகச் சுருக்கிவிட்டது. நிலையாணைகள் கட்டாயமாகும் தொழிலாளர் எண்ணிக்கையை 100லிருந்து 300ஆக உயர்த்தியும்விட்டது. 299 பேர் வேலை செய்யும் ஆலையில் எது குற்றம், எவ்வாறு விசாரணை என்பதை எழுதி வைக்கும் கட்டாயமே இனி முதலாளிக்கு இல்லை. சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான இயக்கத்தில் இதனைத் தொழிலாளரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

பழி சுமத்தப்பட்டதால் உழைத்த நாளின் கூலி பறிபோகாது. வேலை முடிவுக்கு வந்த இரண்டு வேலைநாட்களில் கணக்குத் தீர்க்க வேண்டும். இழப்பு என்று பிடித்தம் செய்வதானாலும், விளக்கம் கேட்ட பின்னரே செய்யலாம். பணிக்கொடையைப் பறிக்கக் குற்றவியல் தண்டனை தேவையில்லை, ஒழுக்கக்கேடான செயலென உள்விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டாலே போதும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. உள்விசாரணையை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்கு சுவருக்குள் வேலை செய்வோர்

இதுவரை சொன்ன தொழிற்சட்டப் பாதுகாப்புகள் வீட்டுப் பணியாளரைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவருக்கு நிலையாணை இல்லை, உள்விசாரணை இல்லை, வாயிற்காவலரின் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் வேலை போயிற்று. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. இவர்களுக்கான சட்ட ஏற்பாட்டை ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசைப் பணித்தது.

2017 ஜூலையில் நொய்டாவின் ஓர் உயர்தர அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்த பெண் மீது பணம் திருடியதாகப் பழி விழுந்தது. அன்றிரவு அவர் வீடு திரும்பவில்லை. கணவர் காவல்துறையை அணுகினார். நிலுவைக் கூலியைக் கேட்டதற்காகத் தாக்கப்பட்டதாக அப்பெண் பின்னர் கூறினார், வீட்டார் மறுத்தனர். மறுநாள் காலை, குடிசைப் பகுதியிலிருந்து திரண்ட மக்கள் குடியிருப்புக்குள் புகுந்தனர். காவல்துறை கலவர வழக்கில் 13 பேரைக் கைது செய்தது. குடிசைவாசிகள் வங்காளதேசத்தவர் என்ற பிரச்சாரம் முடுக்கிவிடப்பட்டது. அடைத்துவைக்கப்பட்டாரா என்ற முதல் கேள்வி, வாயிற்கதவு உடைந்ததா என்ற கேள்விக்குள் புதைந்துபோனது.

அன்றிரவு அந்தக் கணவரோடு ஒரு சங்கமும் ஒரு வழக்கறிஞரும் நின்றிருந்தால் வேறு வழிகள் இருந்தன. ஒருவர் சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டிருப்பதாக நம்பக் காரணமிருந்தால், தேடி மீட்க நடுவர் ஆணையிடலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் மீது தெரிந்தே பொய்வழக்குத் தொடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். மக்களின் கோபம் நியாயமானது. அதனைச் சட்டத்தின் வாயிலுக்கு நடத்திச் செல்லும் அமைப்பு அங்கே இல்லை.

எடுத்தது உண்மையானால்?

கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி இது. சங்கம் திருட்டை நியாயப்படுத்துவதில்லை. சக தொழிலாளியின் உழைப்பில் விளைந்த பொருளை ஒருவர் எடுத்துச் செல்வதை வர்க்கப் போராட்டமென்று அழைப்பதுமில்லை. ஆயினும் நியாயமான விசாரணை குற்றமற்றவருக்கு மட்டுமான சலுகையன்று. அடிக்கப்படாமல் இருப்பதும், வழக்கறிஞரைப் பெறுவதும், செயலுக்கு ஏற்ற தண்டனை மட்டும் பெறுவதும் குற்றம் செய்தவருக்கும் உள்ள உரிமைகள். இருபதாண்டு உழைத்தவர் ஒரு சிறு பொருளை எடுத்ததற்கு வேலையும் பணிக்கொடையும் இழப்பது அளவுக்கு மீறியதென்று தீர்ப்பாயத்தில் வாதிடலாம். நீதிமன்ற அனுமதியுடன் சமரசம் செய்துகொள்ளவும் இத்தகைய வழக்குகளில் இடமுண்டு. காவல் நிலையத்து மேசையின் கீழ் பேசும் "சமரசம்" அதுவன்று. அங்கே தாலியை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்கு ரசீதும் இல்லை. வழக்கு முடிந்ததற்குச் சான்றும் இல்லை.

கிளைகளின் கடமை

முதலாவதாக, ஒவ்வொரு பகுதியிலும் இரவிலும் அழைக்கத்தக்க இரண்டு தோழர்களின் எண்களும் ஒரு வழக்கறிஞரின் எண்ணும் தொழிலாளர் கைகளில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, மறுப்புக் கடிதம், பிழைப்பூதியக் கோரிக்கை, கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கோரும் கடிதம் ஆகிய மூன்றின் மாதிரிகளும் அந்தந்தப் பகுதித் தொழிலாளரின் மொழிகளில் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவதாக, வீட்டுப் பணியாளரைச் சங்கத்தில் சேர்க்கும் வேலை, பழி விழுந்த பின்னர் அல்ல, இப்போதே தொடங்க வேண்டும்.

இறுதியாக, சற்றுச் சங்கடமான ஒன்று. கட்சி உறுப்பினர்களின் வீடுகளிலும் வேலை செய்ய ஆட்கள் வருகிறார்கள். ஒரு மோதிரம் காணாமற்போனால், அந்த வீட்டில் முதலில் யார் முகம் நினைவுக்கு வருகிறது? மேடையில் வர்க்க ஒற்றுமை பேசிய தோழரின் வீட்டில், சமையலறையில் நிற்கும் பெண்ணிடம் எந்தக் குரலில் கேள்வி கேட்கப்படுகிறது? அந்த மோதிரம் பிறகு அலமாரியின் இடுக்கிலிருந்து கிடைத்தபோது, அவரிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? ஒவ்வொரு கிளையும் இதனைத் தன் கூட்டத்தில் விவாதிக்க வேண்டும்.